இரண்டு பள்ளிக்கூடம், ஒரு ஈஸ்டர் லீவு: இங்கிலாந்துக் குடும்ப நாட்குறிப்பு

2025 செப்டம்பர் 8, திங்கள்

அடுத்த ஈஸ்டர் 2026 ஏப்ரல் 5. இந்த வருஷம் ஏப்ரல் 20-இல் வந்தது. பதினைந்து நாள் முன்னால் போய்விட்டது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு. அதுதான் கணக்கு. நம் பஞ்சாங்கத்தில் அந்தப் பௌர்ணமி பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமியாக இருக்கும். இந்த நாளை நிலையாக்க 1928-இலேயே பிரிட்டனில் சட்டம் போட்டார்கள். இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

கவுன்சில் பள்ளிகளுக்குக் கவுன்சில் தேதி போடும். அகாடமிகளும் (கவுன்சிலுக்குக் கீழ் வராத அரசுப் பணப் பள்ளிகள்) பெரும்பாலான சர்ச் பள்ளிகளும் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்குக் கூட லீவு வேறுபடுவது அதனால்தான். கவுன்சில் பக்கத்தை மட்டும் பார்த்து டிக்கெட் போடக் கூடாது. ஒவ்வொரு பள்ளியின் சொந்தத் தேதிப் பட்டியலையும் இறக்கி வைக்க வேண்டும்.

2025 அக்டோபர் 12, ஞாயிறு

ஒரு மாதிரிக் கணக்கு: வீட்டில் இரண்டு பிள்ளைகள், அக்காவும் தம்பியும், வேறு வேறு பள்ளியில். அக்காவின் பள்ளிக்கு மார்ச் 30 முதல் ஏப்ரல் 10 வரை லீவு. தம்பியின் பள்ளிக்கு ஏப்ரல் 3 முதல் 17 வரை. "எத்தனை நாள் லீவு" என்று எழுதினால் குழப்பம்தான். இரண்டே இரண்டு தேதி எழுதினால் போதும்: கடைசியாகப் பள்ளிக்குப் போகும் நாள், திரும்பப் போகும் நாள்.

அக்கா: மார்ச் 27 வெள்ளி, ஏப்ரல் 13 திங்கள்.
தம்பி: ஏப்ரல் 2 வியாழன், ஏப்ரல் 20 திங்கள்.

இருவருக்கும் பொதுவானது ஏப்ரல் 3 முதல் 12 வரை, பத்து நாள். சென்னைக்கோ கொழும்புக்கோ வியாழன் இரவு ஏறினால் வெள்ளி மத்தியானம் இறங்கலாம். பிள்ளைகள் ஒரு நாளாவது தூங்கி எழ வேண்டுமென்றால் சனி 11-ஆம் தேதியே திரும்ப வேண்டும். கையில் நிற்பது எட்டு நாள். சித்திரைப் புத்தாண்டு 14-ஆம் தேதி; இந்தக் கணக்கில் அதற்கு ஊரில் நிற்க முடியாது.

2025 நவம்பர் 23, ஞாயிறு

வேலை லீவு. பெரிய வெள்ளியும் (ஏப்ரல் 3) ஈஸ்டர் திங்களும் (ஏப்ரல் 6) இங்கிலாந்தில் வங்கி விடுமுறை. ஸ்காட்லாந்தில் ஈஸ்டர் திங்கள் வங்கி விடுமுறை கிடையாது. அங்கே வேலை செய்பவர்களோடு சேர்ந்து பயணம் போட்டால் இதைக் கேட்டுவிட வேண்டும்.

இரண்டு பள்ளியின் லீவும் ஒத்துப்போனால் எட்டு வேலை நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மேலே சொன்ன மாதிரியில் பதின்மூன்று: முதலில் அக்காவுக்கு மட்டும் 4, பொதுவில் 4, கடைசியில் தம்பிக்கு மட்டும் 5. அந்த ஐந்து நாள்தான் கையைக் கடிக்கும். அப்பா நாலு, அம்மா நாலு, மீதிக்கு லீவு கிளப் (பள்ளி லீவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) என்று இப்போதே பிரித்துவிடுவது நல்லது. ஈஸ்டர் கிளப்பைப் பதிவு செய்யும் முன் எந்தெந்த வாரம் நடக்கிறது என்று கேளுங்கள். சுற்றியுள்ள பெரும்பாலான பள்ளிகளின் லீவை வைத்துத்தான் நடத்துவார்கள், 13 முதல் 17 வரை மூடியிருக்கலாம். வரியில்லாக் குழந்தைப் பராமரிப்புக் கணக்கில் 8 பவுண்ட் போட்டால் அரசு 2 பவுண்ட் சேர்க்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தகுதியை உறுதி செய்யாவிட்டால் அது நின்றுபோகும்.

2026 ஜனவரி 17, சனி

"ஒரு வாரம் பள்ளிக்குப் போகாவிட்டால் என்ன" என்று நினைப்பவர்களுக்கு. பத்துப் பள்ளி வாரத்துக்குள் அனுமதியில்லாமல் பத்து அரைநாள் தவறினால் அபராதம் பரிசீலிக்கப்படும். ஏப்ரல் 13 முதல் 17 வரை அக்கா ஊரில் நின்றால் சரியாகப் பத்து அரைநாள். மார்ச் 30-இலேயே தம்பியைக் கூட்டிப் போனால் எட்டு. ஆனால் வருகைப் பதிவேடு மூடிய பிறகு தாமதமாக வந்த காலைகளும் எண்ணிக்கையில் சேரும், எட்டு பத்தாகிவிடும்.

அபராதம் 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்ட், 28 நாளுக்குள் என்றால் 160. ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு. இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர் என்றால் குறைந்தது 320. மூன்று வருஷத்துக்குள் இரண்டாம் முறை வந்தால் நேரே 160. மலிவான டிக்கெட்டை விசேஷக் காரணமாகத் தலைமை ஆசிரியர் ஏற்கமாட்டார்.

2026 மார்ச் 26, வியாழன்

நாளை அக்காவுக்குக் கடைசி நாள். எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று இன்றைக்கே பார்க்க வேண்டும். லீவுக்கு முந்தைய நாள் பல பள்ளிகள் மத்தியானமே விட்டுவிடும். இன்னொன்று, ஆசிரியர் பயிற்சி நாள். வருஷத்துக்கு ஐந்து உண்டு. ஏப்ரல் 13-இல் ஒன்று விழுந்தால் அக்கா 14-ஆம் தேதிதான் பள்ளிக்குப் போவாள். தேதிப் பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

2027 ஈஸ்டர் மார்ச் 28. பெரிய வெள்ளி மார்ச் 26. இரண்டு பள்ளியின் பட்டியலும் வந்ததும் முதலில் கடைசி நாள், திரும்பப் போகும் நாள் என்ற அந்த இரண்டு தேதிகளையே எழுத வேண்டும்.