எம்ஜிபி ஸ்டியரிங் ரேக்: எண்ணெய் ஒழுகல் ஒருவழியாக நின்றது

ஒழுகல் நின்றுவிட்டது. 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டரின் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) அடியில் விரித்துவைத்த அட்டை, வாரக்கணக்கில் கறை படாமல் கிடக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பக்கவாட்டில் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டுதான் ரேக்; அதன் முனையை மூடும் மடிப்பு ரப்பர் உறைதான் பூட். இந்த ரேக்கோடு பட்ட பாட்டை எழுதிவைத்தால், இதே வண்டி வைத்திருக்கும் யாருக்காவது ஒரு பூட் வாங்கும் செலவாவது மிச்சமாகும்.

எம்ஜிபியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. பம்ப் இல்லை, அழுத்தக் குழாய் இல்லை. ரேக்குக்குள் இருப்பது ஈபி 90 கியர் எண்ணெய், அதுவும் ஏறக்குறைய 200 மில்லிதான். அது வெளியேறக்கூடிய இடங்களும் சொற்பம்: பினியன் (ரேக்கை நகர்த்தும் சிறு பற்சக்கரம்) தண்டின் சீல், இரு முனைகளிலும் உள்ள மடிப்பு பூட்கள். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பினியன் வலப்பக்கம் இருக்கிறது. எனக்குச் சொட்டியதோ இடப்பக்கம். ஆனாலும் ஊகத்தை நம்பிப் பொருள் வாங்கக் கூடாது. பிரேக் கிளீனரால் எல்லாவற்றையும் கழுவி, டால்கம் பவுடர் தூவி, ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பினேன். பினியனைச் சுற்றிப் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. இடது பூட்டின் குறுகிய கழுத்தருகே, மடிப்பின் பள்ளத்தில் சாய்வாக ஒரு கிழிசல். அதன் கீழ்நுனியில் பவுடர் பழுப்பாகிக் குழைந்திருந்தது. கியர் எண்ணெய்க்கே உரிய கந்தக நெடி வேறு.

அந்தச் சாய்வுதான் கதையைச் சொல்லிவிட்டது. வயதாகிக் காய்ந்த ரப்பர் மடிப்பின் போக்கிலேயே சுற்றி வெடிக்கும். இதுவோ முறுக்கிக் கிழிந்தது. வீல் அலைன்மென்ட் செய்த இடத்தில் லாக் நட்டைத் தளர்த்தி, டை ராடை (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) திருகியிருக்கிறார்கள். பூட்டின் சின்ன கிளிப்பைத் தொடவே இல்லை. ராடு சுழன்றால் அதைக் கவ்விய ரப்பர் கழுத்தும் கூடவே சுழலும். மறுமுனை ரேக்கின் உறையில் இறுகியிருக்கிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் நடுவில் பூட் முறுகிவிடும். புது பூட் போட்டும் சில மாதங்களில் கிழிகிறது என்று புலம்பும் பலருடைய வண்டியில் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு கிளிப்பைத் தளர்த்த எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இந்த அலட்சியத்தை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

கழற்றும் வேலை வழக்கமானதுதான். டை ராட் எண்டை (டை ராடின் வெளிமுனை மூட்டு) பிரிக்கக் கவட்டைக் கருவியைப் பயன்படுத்தினால் அதன் ரப்பர் மூடி நாசமாகும். ஸ்டியரிங் ஆர்மின் கண்ணில் இருபுறமும் சுத்தியல் வைத்து ஒரே நேரத்தில் அடித்தால் கூம்புப் பிடி தானே விட்டுவிடும்.

உண்மையான சவால் சின்ன முனைக் கிளிப். திருகு வைத்த ஹோஸ் கிளிப்பை அவ்வளவு சிறிய விட்டத்துக்கு இறுக்கினால் அது வட்டமாக நிற்காது. திருகுப் பெட்டிக்கு அடியில் தட்டையாகி ஓர் இடைவெளி விடும், எண்ணெய் அதில் கசியும். பெரிய முனைக்கு அது போதும். சின்ன முனைக்கு நான் அகலமான நைலான் டை (கேபிள் கட்டும் பட்டை) போட்டேன். டை ராடின் கழுத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துரு நீக்கி, சிவப்பு ரப்பர் கிரீஸ் மெல்லிதாகத் தடவிய பிறகே பூட்டை ஏற்றினேன். அலைன்மென்ட் வந்தால் டையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது கட்டலாம், சில காசுகள்தான்.

எண்ணெய் விடும்போது அவசரம் கூடாது. பெரிய முனையைச் சற்று விலக்கி, எண்ணெய்க் கேனின் மூக்கை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ரேக்கை மெதுவாக இருபக்கமும் நகர்த்த வேண்டும். ஒரு பூட் சுருங்கும்போது அதிலுள்ள எண்ணெயும் காற்றும் ரேக்கின் வழியே அடுத்த பூட்டுக்குப் போயாக வேண்டும். ஜாக்கியில் வண்டி நிற்கும்போது சக்கரத்தைப் பிடித்துச் சட்டென்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளினால் புது பூட்டும் பிதுங்கிவிடும்.

எண்ணெய்க்குப் பதில் கிரீஸ் திணித்துவிட்டால் ஒழுகாதே என்பார்கள். ஒழுகாதுதான். ஆனால் பற்கள் ஒதுக்கித் தள்ளிய கிரீஸ் திரும்பி வராது, எண்ணெய் வரும். எண்ணெய்க்காக வடிவமைத்த ரேக்கில் எண்ணெயே இருக்கட்டும்.

பூட் வாங்கும்போது என்ன ரப்பர் என்று கேளுங்கள். ஒரு கடையில் வாங்கியது எண்ணெய் பட்டதும் ஊறி மெத்தென்றாகிவிட்டது. என்ன ரப்பர் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. நைட்ரைல் அல்லது நியோப்ரீன் என்று எழுதித் தருபவரிடம் மட்டும் இனி வாங்குவேன். பிரிட்டனில் 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத, 40 வயது தாண்டிய கார்களுக்கு எம்ஓடி எனும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. கிழிந்த பூட்டை வேறு யாரும் பார்த்துச் சொல்லப்போவதில்லை. நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

அலைன்மென்ட் இன்னும் பாக்கி. கழற்றும்முன் லாக் நட்டில் பெயின்ட் கோடு போட்டிருந்ததால் பழைய நிலைக்கே வைத்து ஓட்டுகிறேன். இடது கிங்பின்னில் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) லேசான ஆட்டம் தெரிகிறது; பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள்கள், 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் என்ற விதியை முந்தைய உரிமையாளர் மதிக்கவில்லை போலிருக்கிறது. முன்பக்க லீவர் டாம்பரும் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) கசியத் தொடங்கியிருக்கிறது. மேல் விஷ்போனின் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை) வேலையையும் அதுவே பார்ப்பதால் இரண்டையும் சேர்த்தே கழற்றப்போகிறேன். அதற்குப் பிறகு டோ-இன் (முன்சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கி இருக்கும் அளவு) 1.5 முதல் 2.3 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். கடைக்குக் கொண்டுபோனால், நைலான் டையை நானே வெட்டிவிட்டுத்தான் ராடில் ஸ்பேனர் வைக்க விடுவேன்.