டிராக்கோவும் எங்கட காத்தும்

2022 மார்ச் கடைசி, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய காலம். கொக்குவிலில் இரவு லைட் வந்த கையோடு லப்டொப்பைக் கொழுவிவிட்டு, போகிறதுக்குள் கணக்கு ஓடி முடியவேண்டுமென்று நேர்ந்துகொண்டு இருப்பேன். யூ.பி.எஸ் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

செய்தது ஃபெர்மி விண்கலத்தின் காமாக் கதிர்த் தரவுகளை அலசுகிற வேலை. 2008 இல் ஏவினார்கள், மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா முழு வானத்தையும் பார்த்து முடிக்கும், தரவை யாரும் காசில்லாமல் இறக்கலாம். அதனால்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு அறைக்குள் இருந்தும் இருண்ட பொருளைத் தேட முடிகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, ஈர்ப்பால்தான் இருக்கிறதென்று தெரியும், ஆனால் அதன் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தால் காமாக் கதிர் வரலாமென்று ஒரு ஊகம்.

பால்வீதி மையத்தில் தேடுவது நல்லூர்த் தேர்க் கூட்டத்துக்குள் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி, ஆர் கூப்பிட்டது என்றே பிடிபடாது, பல்சார்கள் என்கிற சுழலும் செத்த விண்மீன்களும் வாயுவும் சேர்ந்து அவ்வளவு இரைச்சல். டிராக்கோ அப்படியில்லை. சுமார் 2.5 இலட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கிற குட்டி விண்மீன் மண்டலம், வாயு இல்லையென்றே சொல்லலாம், எடையில் பெரும்பங்கு இருண்ட பொருள். அங்கிருந்து காமாக் கதிர் வந்தால் சந்தேகம் நேரே அதன்மேல்தான் விழும்.

ஒருநாள் விடியப்புறம் மூன்று மணிக்கு முடிவு வந்தது. பின்னணி இரைச்சலை விட்டு ஒரு சைகை எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று காட்ட டி.எஸ் என்று ஒரு எண் பார்ப்போம், 25 ஐத் தாண்டினால்தான் கணக்கில் எடுப்பது. எனக்கு 38. படத்தில் டிராக்கோ இருக்கிற இடம் மஞ்சளாகப் பூத்திருந்தது, எனக்குக் கை நடுங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், கட்டுரைக்குத் தலைப்புக்கூட யோசித்துவிட்டேன்.

என் ஆய்வைப் பார்க்கிற சேருக்குப் படத்தை அனுப்பினேன். ஒரே வரியில் பதில்: "செனித் கோணம் எத்தினை போட்டனீர்?"

போடவேயில்லை. நேர் உச்சியிலிருந்து எவ்வளவு பாகை சரிந்து வருகிற கதிர்வரை எடுப்பது என்கிற எல்லை அது. பழைய ஸ்கிரிப்டிலிருந்து வெட்டி ஒட்டும்போது அந்த வரி விடுபட்டிருந்தது. விண்கலம் சுற்றுவது 550 கிலோமீற்றர் உயரத்தில். அண்டக் கதிர்கள், அனேகமாகப் புரோத்தன்கள், மேல் வளிமண்டலத்தில் வந்து மோதிப் பையோன்கள் என்கிற அற்பாயுள் துகள்களை உண்டாக்க, அவற்றில் ஒரு வகை உடைந்து காமாக் கதிராகும். அதனால் ஃபெர்மியின் கண்ணுக்குப் பூமியின் விளிம்பு பயங்கரப் பளிச்சு. அந்தக் கோணம் 90 பாகையைத் தாண்டி வருவதையெல்லாம் வெட்டியெறியாவிட்டால் அது உள்ளே புகுந்துவிடும், அதுவும் டிராக்கோ மாதிரி வடதுருவப் பக்கம் இருப்பவற்றில் கூடுதலாக.

மனதைத் தேற்றப் பழைய கதையொன்றைத் திரும்ப வாசித்தேன். 2012 இல் கிறிஸ்டோஃப் வெனிகர் என்கிற இயற்பியலாளர் ஃபெர்மியின் பால்வீதி மையத் தரவில் 130 கிகா இலத்திரன்வோல்ட் சக்தியில் மட்டும் கதிர் குவிகிற ஒரு கூர்மையான கோடு கண்டார், இருண்ட பொருள்தானோ என்று உலகமே பரபரத்தது. பிறகு பார்த்தால் பூமி விளிம்புத் தரவிலும் அதே சக்தியில் ஒரு சாயல். அங்கே ஏது இருண்ட பொருள்? தரவு கூடக் கூட அந்தக் கோடு மங்கிப் போய்விட்டது. ஆனால் அவருடையது கவனமாகச் செய்த வேலை, என்னுடையது ஒரு வரியை விழுங்கிய வேலை, இரண்டையும் ஒன்றாக வைப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

காலமை தேத்தண்ணியோடு அம்மம்மா கேட்டா, "என்ன, கண்டுபிடிச்சிட்டியோ?"

"இல்லை அம்மம்மா, அது எங்கட காத்து."

"காத்தைப் பாக்கவே இரவிரவா முழிச்சிருந்தனி?"

90 போட்டுத் திரும்ப ஓட்ட மூன்று இரவு போனது, நடுவில் இரண்டு தரம் கரண்ட் போய்விட்டது. டி.எஸ் 0.6. டிராக்கோ கன்னங்கரேலென்று இருந்தது. சேருக்கு அனுப்பினேன்.

"சரி. அடுத்ததைப் பாரும்."