தரையில் காலுக்கு, காற்றில் கைக்கு

உடற்கல்வி வகுப்புக்குப் புதிய பந்தாட்டம் ஒன்று சொல்லுங்கள் என்று சக ஆசிரியர்கள் கேட்டால் நான் தயங்காமல் சொல்லும் பெயர் ஸ்பீட்பால். கால்பந்தையும் கூடைப்பந்தையும் கலந்த ஆட்டம் என்று ஒரே வரியில் இதை விளக்கிவிடுவார்கள். அந்த வரியை மட்டும் நம்பி மாணவர்களை மைதானத்தில் இறக்கினால் ஆட்டம் விரைவிலேயே கைகலப்பு போலாகிவிடும். எது எங்கே கலக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்மர் மிட்செல் 1921-இல் இதை உருவாக்கினார். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்காத சாதாரண மாணவர்களும் ஆட வேண்டும் என்பதற்காகவே உழைத்தவர் அவர். அமெரிக்கக் கால்பந்துக்குக் கவசமும் கட்டான உடலும் வேண்டும். நாம் ஆடும் கால்பந்திலோ கையைக் கட்டிப்போட வேண்டும். எறிந்தும் பிடித்தும் வளர்ந்த மாணவர்களுக்கு அது எளிதில் ஒட்டவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை அவர் தேடினார்.

அந்த வழி இதுதான்: தரையில் இருக்கும் பந்து காலுக்கு உரியது, காற்றில் இருக்கும் பந்து கைக்கு உரியது. உருண்டாலும், நின்றாலும், தரையில் மோதித் துள்ளினாலும் அது தரைப்பந்துதான். கையால் தொடக் கூடாது. யாராவது காலால் அதை மேலே எழுப்பிவிட்டால், மறுபடி தரையைத் தொடும்வரை அது காற்றுப்பந்து. பிடிக்கலாம், எறியலாம். கை தவறிக் கீழே விழுந்த அந்தக் கணத்தில் மீண்டும் கால்பந்து தொடங்கிவிடுகிறது.

மாணவர்கள் முதலில் குழம்புவது துள்ளும் பந்தில்தான். "டீச்சர், இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டதே, பிடிக்கக் கூடாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். கூடாது. எவ்வளவு உயரம் என்பது கேள்வியே இல்லை. கடைசியாக அதை மேலே அனுப்பியது காலா, தரையா என்பதுதான் கேள்வி. இப்படிச் சொன்னதும் அந்த வகுப்பில் எல்லோருக்கும் விளங்கியது. அதன்பிறகு எந்த வகுப்பிலும் இந்த வாக்கியத்தையே பயன்படுத்துகிறேன்.

ஆகவே, இந்த ஆட்டத்தின் உயிர் பந்தைக் காலால் தூக்கி எடுப்பது. இதைப் பழக்காமல் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது என்பேன். மூன்று வழிகளைக் கற்றுத்தருகிறேன். நின்ற பந்தின்மேல் உள்ளங்காலை வைத்துப் பின்னால் இழுத்து, சட்டென்று விரல்நுனியை அடியில் நுழைத்து மேலே கிளப்புவது ஒன்று. தன்னை நோக்கி உருண்டுவரும் பந்துக்குக் குறுக்கே பாதத்தைத் தாழ்த்தி வைத்து, அது பாதத்தின் மேற்புறம் ஏறியதும் தூக்கிவிடுவது இன்னொன்று. மூன்றாவது, இரு கணுக்கால்களுக்கு இடையே பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குதிப்பது. காலால் ஆடிப் பழகாதவர்களுக்கு இதுவே விரைவில் கைகூடுகிறது. முழங்காலில் பட்டுத் தற்செயலாக எழும்பிய பந்தை என் வகுப்பில் நான் ஏற்பதில்லை. பாதத்தால் எழுப்ப வேண்டும்.

பிடித்தபின் பந்தோடு ஓட முடியாது. நின்று பிடித்தால் ஓரடி எடுத்து வைக்கலாம், ஓடிக்கொண்டே பிடித்தால் இரண்டடி, அவ்வளவுதான். கூடைப்பந்துபோலத் தட்டிக்கொண்டு போகவும் வழியில்லை. தரையைத் தொட்டால்தான் அது காலுக்குப் போய்விடுமே! ஒரே ஒரு சலுகை உண்டு: பந்தைக் காற்றில் எறிந்துவிட்டு ஓடிப்போய்த் தானே ஒருமுறை பிடிக்கலாம். பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் எதிரணி உள்ளே எறியும். தரைப்பந்தைக் கையால் தொட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். தன் கோலுக்கு முன்னுள்ள பெனால்ட்டி பகுதிக்குள் அதே தவறைச் செய்தால் பெனால்ட்டி.

மதிப்பெண்ணைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். காலால் உதைத்து வலைக்குள் சேர்த்தால் கோல். கையால் வலைக்குள் எறிந்தால் கோல் இல்லை. கையில் பந்து இருப்பவர் எதிரணியின் இறுதிக் கோட்டுக்கு அப்பால் நிற்கும் தன் அணியினருக்கு எறிந்து, அவர் அதைப் பிடித்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு. பந்தைக் கையிலிருந்து விழவிட்டு, அது எழும்பும் கணத்தில் உதைத்துக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பும் டிராப் கிக்கும் உண்டு. எதற்கு எத்தனை என்பது விதிநூலுக்கு விதிநூல் மாறும். என் கணக்கில் கோலுக்கு 3, எறிந்து பிடிப்பதற்கு 1, டிராப் கிக்குக்கு 2. கோலுக்குத்தான் அதிகம். எறிந்து பிடிப்பதற்கு 3 தந்தால் என்ன ஆகும்? எல்லோரும் பந்தை ஒருமுறை தூக்கிவிட்டு, பிறகு கீழே விடவே மாட்டார்கள். ஆட்டம் பாதியாகச் சுருங்கிவிடும். ஒரு பக்கம் சாய்வதைக் கண்டால் விதியை மாற்ற வேண்டாம், மதிப்பெண்ணை மாற்றிப்பாருங்கள்.

சின்ன வகுப்புகளுக்காகத் தரைப்பந்தைக் கையால் எடுக்க அனுமதிக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. என் வகுப்பில் ஒரு கால்பந்தாட்டக்காரன் இருந்தான். தலை நிமிராமல் தனியாகவே பந்தைக் கடத்திக்கொண்டு போவான். எறிவதிலும் பிடிப்பதிலும் கெட்டிக்காரியான ஒரு மாணவியோ, காலருகே பந்து வந்தால் ஒதுங்கிவிடுவாள். இந்த விதி இருவரையும் ஒருவருக்கொருவர் தேவையாக்கியது. அவன் தூக்கிக் கொடுத்தான், அவள் பிடித்து எறிந்தாள். கையால் எடுக்கலாம் என்றிருந்தால் அவளுக்கு அவன் தேவையில்லை, அவனுக்கு நிமிர்ந்து பார்க்கும் அவசியமும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் 1902-இல், கம்பத்தில் உள்ள கூடைக்குள் பந்தை எறியும் கோர்ஃப்பால் ஆட்டத்தை உருவாக்கிய ஆசிரியர் நிகோ ப்ரூக்ஹாய்சனும் ஆண்களையும் பெண்களையும் ஒரே அணியில் சேர்த்தார். அங்கும் பந்தோடு ஓட முடியாது. கெட்டிக்காரர் தனியே ஆடித் தீர்க்க முடியாதபடி ஒரு விதி நிற்கும்போதுதான் அணி என்பது உருவாகிறது.

எளிதாக்க வேண்டுமானால் மைதானத்தைச் சிறிதாக்குங்கள். முழு ஆட்டத்தில் அணிக்கு 11 பேர். நான் ஏழு பேரோடு நிறுத்திக்கொள்கிறேன். காற்று சற்றுக் குறைந்த பந்தும் நல்லது. துள்ளல் குறையும், காலால் தூக்குவதும் எளிதாகும். உயரமான கம்பங்கள் இல்லையென்றால் டிராப் கிக்கை விட்டுவிடலாம்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவர் குனிந்து பிடிக்கப்போகும் பந்தை இன்னொருவர் உதைப்பதுதான் இந்த ஆட்டத்தின் பெரிய ஆபத்து. அதனால் இடுப்புக்கு மேலே, ஆள் அருகில் இருக்கும்போது கால் வீசினால் உடனே விசில் ஊதுகிறேன். தொடக்க வகுப்புகளில் பந்தின் நிலை மாறும் ஒவ்வொரு முறையும் "தரை!", "காற்று!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே மைதானத்தில் கூடவே ஓடுகிறேன். பந்தருகே இருப்பவர்கள் அதையே திருப்பிச் சொல்லத் தொடங்கியதும் நான் சொல்வதை நிறுத்திக்கொள்ளலாம்.