ஏலக்காய் விலை ஏறினால் எங்கள் மாமாவுக்கு என்ன?

போடியில் ஓர் ஏலக்காய் குடோனில் கணக்கு எழுதுகிறேன். 'ஏலக்காய் விலை கிடுகிடு உயர்வு' என்று பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தி வந்தால் போதும், மதுரை, சென்னைப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர்கள் போன் போட்டுவிடுவார்கள். "என்னப்பா, உங்க மாமாவுக்கு இந்த வருசம் அள்ளுதாமே?" மாமா மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் சாந்தன்பாறைப் பக்கம், இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

2018 ஆகஸ்டில் இடுக்கி வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கியது. நிற்காத மழையில் அழுகல் நோய் பரவி, காயும், தட்டை என்று நாங்கள் சொல்கிற தண்டும் சேர்ந்தே போயின. அடுத்த கோடையில் மழை ஏமாற்றியது. சந்தைக்குச் சரக்கு வராமல், 2019 ஆகஸ்டில் ஏலம் விடும் சந்தையில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அதைப் பார்த்து மலையில் கையளவு நிலம் வைத்திருந்தவர்கள்கூட ஏலச்செடி நட்டார்கள். நட்டதெல்லாம் காய்க்கத் தொடங்கியபோது விலை சரிந்து, 2022 வாக்கில் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அப்புறம் 2023. பசிபிக் கடல் சூடேறி நம் மழையைக் கெடுக்கிற எல் நினோ வருடம். இடுக்கியில் தென்மேற்குப் பருவமழை பாதிக்கு மேல் குறைந்தது. 2024 கோடை மழையும் கைவிட்டது. உலகத்திலேயே அதிகம் விளைவிக்கிற குவாத்தமாலாவிலும் அந்தச் சமயம் விளைச்சல் அடிவாங்கியது. வருடக் கடைசியில் விலை 3,000-ஐ ஒட்டி வந்து நின்றது.

இதில் மாமாவின் கணக்கைப் பாருங்கள், நான்தான் எழுதிக்கொடுப்பது. வறட்சிக்கு முந்தின பருவத்தில் காய்ந்த காய் சுமார் 600 கிலோ. சராசரியாக 1,500 ரூபாய் வைத்தால் ஒன்பது லட்சம். வறட்சிக்கு அடுத்த பருவத்தில் 160 கிலோ. விலை 2,700. நாலு லட்சத்துச் சொச்சம். குத்தகை, உரம், மருந்து, கூலி எதுவும் பாதியாகவில்லை. மருந்துச் செலவு கூடத்தான் செய்தது. வெயில் ஏறினால் இலைப்பேன் என்கிற பூச்சி பெருகும்.

2024 ஏப்ரலில் ஒருநாள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஏலச்செடிக்குப் பூ உச்சியில் வராது; தூரிலிருந்து சரம் கிளம்பி, தரையோடு தரையாகப் படரும். அந்தச் சரத்தில்தான் பூவும் காயும். கோடையில் நாலு நல்ல மழை கிடைத்தால்தான் சரம் நீளும். அன்றைக்குச் சரத்தைக் கையில் எடுத்தால் காய்ந்த நார் மாதிரி ஒடிந்தது. தட்டை மஞ்சளடித்து, நடுவிலே மடிந்து, பக்கத்துத் தட்டையின் மேல் சாய்ந்து கிடந்தது. பூ ஒரே நாள்தான் இருக்கும், அதற்குள் தேனீ வரவேண்டும். வந்து உட்காரப் பூவே இல்லை. மாமா, படுதா விரித்துத் தண்ணீர் தேக்குகிற குளத்தின் அடியில் கிடந்த பச்சைத் தண்ணீரைக் காட்டி, "இதை எந்தத் தூருக்கு ஊத்த, எந்தத் தூரை விட?" என்றார். சிலர் லாரித் தண்ணீர் வாங்கினார்கள். சிலர் நிழலுக்குப் பச்சை வலை கட்டினார்கள். இரண்டுக்கும் காசு இருக்கிறவர்கள் தப்பித்தார்கள். விலை ஏறியபோது லாபம் பார்த்ததும் அவர்கள்தான். நஷ்டம் எல்லோருக்கும் பொது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

செடி போனால் ஒரு வருடத்து வருமானம் போனது என்று பலர் நினைக்கிறார்கள். அது நெல்லுக்குச் சரி. ஏலத்தோட்டத்தில் புதுத் தட்டை நட்டால் இரண்டு, மூன்று வருடம் செலவு மட்டும்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் மறுநடவுக்கு இறங்கியதால் தட்டைக்கும் விலை ஏறிவிட்டது.

தோட்டம் சொந்தமாக உள்ளவர்களாவது நிவாரணம் கேட்டு மனு கொடுக்கலாம். குத்தகைக்காரன் எதைக் காட்டுவது? கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீது நிலத்துக்காரர் பெயரில் இருக்கிறது.

விடிவதற்குள் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் அடைத்துக்கொண்டு மலையேறும் பெண்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வழக்கமாகப் பருவத்தில் நாற்பது, நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு சுற்று காய் எடுப்பார்கள். அந்த வருடம் முதல் சுற்றே தள்ளிப்போனது. எங்கள் தெருவில் ஓர் அத்தை, "காய் இல்லன்னா கங்காணி கூப்பிட மாட்டாரு தம்பி, விலை ஏறுனா எனக்கென்ன, எறங்குனா எனக்கென்ன" என்றார். குடோனிலும் அதே கதைதான். சல்லடையில் சலித்தபின் பெண்கள் உட்கார்ந்து வெடித்த காய், சொறி விழுந்த காய், நிறம் செத்த காய் என்று கையால் பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பச்சை குறையாத காய்க்குத்தான் நல்ல விலை. அந்தப் பருவத்தில் சொறிக்காய்க் குவியல்தான் உயரமாக இருந்தது. பேப்பரில் போடுகிற 'அதிகபட்ச விலை' அந்தக் குவியலுக்குக் கிடையாது.

வெயிலை மட்டும் குறைசொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. ஏலம் காட்டு நிழலில் வளர்ந்த செடி. ஞள்ளானி ரகம் வந்தபிறகு விளைச்சல் பலமடங்கு ஆனது உண்மைதான். ஆனால் அதற்கு வெளிச்சம் வேண்டும், தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும். வெளிச்சத்துக்காக வருடாவருடம் மரக்கிளையைக் கழித்துக் கழித்து, சில தோட்டங்களில் மரம் குடைக்கம்பி மாதிரிதான் மிச்சம். விலை கிலோ 7,000 தொட்ட 2019இல் இது உச்சத்துக்குப் போனது. மழை ஒழுங்காக இருந்தவரை இதன் கெடுதல் தெரியவில்லை. 2024இல் ஓரளவு தப்பியவற்றில் பலா, சந்தனவேம்பு அடர்ந்து நின்ற பழைய தோட்டங்களை நானே பார்த்தேன். அவற்றில் நல்ல வருடத்திலும் காய் குறைவுதான், ஆனால் மோசமான வருடத்திலும் ஏதோ காய் இருந்தது.

மாமாவும் இப்போது அந்த வழிக்கு வந்திருக்கிறார். ஓர் ஏக்கரில் மட்டும் மறுநடவு, மற்றதில் மரத்தை வளரவிட்டு மிளகுக்கொடி ஏற்றி, இடையில் கொஞ்சம் காப்பி. மிளகு காய்க்கவும் மூன்று வருடமாவது ஆகும் என்பதால் குத்தகையை நீட்டித் தரச்சொல்லி நிலத்துக்காரரிடம் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் காப்பி கொடுத்து உபசரித்து, நீட்டித் தருவதாகவே சொன்னார். ஆனால் குத்தகைத் தொகையைக் கூட்டிக் கேட்டார்.

"ஏலக்காய் விலைதான் ஏறிடுச்சே" என்றார்.