சிறைக்குள்ளும் தம்பியின் மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொண்ட கதை

மனச்சிதைவு நோய்க்குப் பல ஆண்டுகளாக மருந்து சாப்பிட்டுவந்த என் தம்பி ஓர் அடிதடி வழக்கில் ரிமாண்ட் ஆனபோது, ஜாமீனைவிட அவனுடைய இரவு மாத்திரையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். மற்ற மருந்துகள் எதுவும் கேட்காமல் போனதால் அவனுக்குக் கொடுக்கப்பட்டது க்ளோசபின். இரண்டு நாள் விட்டுப்போனால் பழைய அளவையே தொடரக் கூடாது; 12.5 மில்லிகிராமில் தொடங்கி மறுபடி படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

ரிமாண்டுக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனை, உடம்பில் காயம் இருக்கிறதா என்ற கேள்வியோடு முடிந்துவிட்டது. ஆகவே பழைய ஓபி சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, சிறையில் சிகிச்சை தொடர உத்தரவிடக் கோரி வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுத்தோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மனநோயுள்ள கைதிகளைப் பற்றிய 103ஆம் பிரிவை வக்கீல் சுட்டிக்காட்டினார். உத்தரவு கிடைத்தது அந்தப் பிரிவாலா, சீட்டுகளாலா என்று கேட்டால், சீட்டுகளால்தான் என்பேன்.

உத்தரவு நகலோடு சிறை மருத்துவரைப் பார்த்த பிறகு மருந்துக்குத் தட்டுப்பாடு இல்லை. அதைச் சாப்பிடும் நேரம்தான் சிக்கலானது. மாலையில் கைதிகளை அறையில் அடைத்துப் பூட்டுவதற்கு முன்பே இரவு மாத்திரையையும் கொடுத்துவிடுவார்கள். அப்போதே விழுங்கினால் விடியும் முன் விழிப்பு வந்துவிடுகிறது என்று, அவன் அதைப் பிறகு விழுங்கலாம் என்று நாக்கின் அடியில் அடக்கி அறைக்குக் கொண்டுபோயிருக்கிறான். தூக்கம் தரும் மாத்திரை என்றால் உள்ளே ஒரு கட்டு பீடிக்குக்கூடக் கைமாறுமாம். சிறையில் அவனைச் சந்திக்கப் போனபோது அவனே இதைச் சொல்ல, நான் மருத்துவரிடம் தண்டனையாக எதுவும் வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். சிறை மருத்துவமனைப் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே செவிலியர் இரவில் மாத்திரையைக் கொடுத்து, தண்ணீர் குடிக்கவைத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்த பிறகே நகர்வார்.

க்ளோசபின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடலாம் என்பதால் மாதந்தோறும் செய்யும் இரத்தப் பரிசோதனை, கூடவே காவலுக்கு வரப் போலீஸ் இல்லை என்று ஒருமுறை தள்ளிப்போனது. அதன் பிறகு, வாய்தாவுக்கு அழைத்துப்போகும் நாளிலேயே இரத்தம் எடுக்க ஏற்பாடு செய்யும்படி கேட்டுப் பெற்றோம்.

ஜாமீன் உத்தரவு சிறைக்கு வந்துசேரவே பெரும்பாலும் மாலையாகிவிடும். அந்த நேரத்தில் மருந்துச் சீட்டு எழுதித் தர யாரும் இருக்க மாட்டார்கள். எனவே ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோதே, அப்போதைய மருந்தளவையும் கடைசி இரத்தப் பரிசோதனை முடிவையும் சிறை மருத்துவரிடம் எழுதி வாங்கிவைத்தேன். தம்பி வெளியே வந்த மறுநாள் ஓபியில் அந்தத் தாளைப் பார்த்துத்தான் அதே அளவில் மருந்தைத் தொடர்ந்தார்கள்.