கச்சானில் நிற்காத மெழுகுவர்த்தி

2024 மே 30, வியாழன்
முறைப்படி கிறிஸ்துவின் திருவுடல் திருவிழா இன்றுதான். எல்லோரும் வரவேண்டும் என்று நம் பங்குகளில் ஞாயிறுக்கு வைத்துக்கொள்கிறோம். கிறிஸ்துவின் உடலாகிய அப்பத்தை, அதாவது நற்கருணையை, ஏந்தித் தெருவில் போகும் பவனி அது. தங்கச்சிமடத்தில் இம்முறை அந்தப் பவனி நின்று ஆசீர் கொடுக்கும் இரண்டாவது பீடம் எங்கள் அன்பியத்துக்கு, அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்த எங்கள் ஜெபக் குழுவுக்கு. இடம் எங்கள் வாசல்.

ஜூன் 1, சனி
எங்கள் ஊர் மல்லிகை நாற்று எங்கெங்கோ போகிறது. பீடத்துக்குப் பூதான் போதவில்லை. மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் மெழுகுவர்த்தி ஒரு நிமிடம் நிற்கவில்லை. தண்ணீர் பாட்டிலை வெட்டி மூடாக்குப் போட்டோம், அது உருகி நாறியது.

"தேர் இல்லையாம்மா? வாணவேடிக்கை?" என்கிறான் மகன். தேரில் புனிதர் சுரூபம் வரும். நாளை ஆண்டவரே வருகிறார் என்றேன். சரி, இதற்குத் தனித் திருவிழா எதற்கு? நற்கருணை ஏற்படுத்தப்பட்ட பெரிய வியாழன் இரவில் மறுநாள் இயேசு படும் பாடுகளின் துக்கம் கவிந்துவிடுகிறது. மகிழ்ச்சியாகக் கொண்டாட ஒரு நாள் வேண்டும் என்று பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக் கன்னியர் யூலியானா விடாமல் கேட்டார். 1246இல் அந்த மறைமாவட்டத்தில் மட்டும் கிடைத்தது. முன்பு அங்கே பணியாற்றிய குரு ஒருவர் நான்காம் உர்பான் என்ற பெயரில் திருத்தந்தையாகி, 1264இல் திருச்சபை முழுமைக்கும் ஆக்கினார். யூலியானா 1258லேயே போய்விட்டார், பாவம்.

ஜூன் 2, ஞாயிறு
மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு ஆட்கள் எல்லாரும் கரையில். நற்கருணைக்கு மேலே பிடிக்கும் துணி விதானத்தின் நான்கு கம்புகளையும் அவர்கள்தான் பிடித்தார்கள். முக்கு திரும்பியதும் துணி காற்றை வாங்கிப் புடைத்தது. "பாய் மாதிரி இழுக்குது, விட்றாத!" என்று ஒருவர் அடிக்குரலில் சொல்ல, ஜெபமாலைக்கு நடுவே சிலருக்குச் சிரிப்பு. சாமியாருக்கு மட்டும் எதுவும் காதில் விழவில்லை. தோள்துகிலின் முனைகளால் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தைப் பொத்திப் பிடித்து, அதையே பார்த்தபடி நடந்தார்.

என் அம்மா கோயில் படி ஏறி இரண்டு வருடமாகிறது. வாசலில் நாற்காலி போட்டிருந்தோம். மணி அடித்து ஆசீர் கொடுத்தபோது முழங்காலிடப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்தபடி பாதி எழுந்து நின்றார். சாம்பிராணிப் புகை பக்கவாட்டில் பறந்து அவர் முகத்திலேயே அடித்தது.

ராத்திரி கேட்டேன்: "மாசாமாசம் சாமியார் வீட்டுக்கே நற்கருணை கொண்டுவராருல்லம்மா?"

"வராரு. அன்னைக்கு அவரும் உபதேசியாரும் மட்டுந்தான் வருவாங்க. இன்னைக்கு ஊரே கூட வந்துச்சுல்ல."

ஜூன் 3, திங்கள்
காலையில் தெரு கூட்டினேன். நம் வாசலில் போட்ட பூவெல்லாம் நாலு வீடு தள்ளிக் கிடந்தது. அன்பிய நோட்டில் எழுதிவைத்தது: கண்ணாடிச் சிம்னி 4. அடுத்த வருடம் ஜூன் 22இல் வருகிறது. 14ஆம் தேதியே தடை முடிந்துவிடும். விதானத்துக்கு ஆள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.