ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணு போட்டு முடிக்கிறதுக்குள்ள…

ஒருவழியா டைட்டர் ரிப்போர்ட் கைக்கு வந்துருச்சு. கல்லீரலைத் தாக்குற ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கு எதிரா, ஊசி போட்டதுல ரத்தத்துல எதிர்ப்பு சக்தி எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்குற டெஸ்ட் இது. 10-க்கு மேல இருந்தா பாதுகாப்புன்னு கணக்கு, எனக்கு நல்லாவே ஏறியிருக்கு. ஆனா இதுக்குப் பட்ட பாட்டைச் சொல்லியே ஆகணும், நர்சிங் முடிச்சுட்டு தனியார் ஆஸ்பத்திரில சேர்ற நிறைய பிள்ளைங்க இங்கதான் மாட்டிக்குதுங்க.

"சின்ன வயசுலயே எல்லா ஊசியும் போட்டாச்சு"ன்னு வீட்ல சொல்வாங்க, நம்பாதீங்க. நாடு முழுக்க குழந்தைங்களுக்கான இலவச ஊசி லிஸ்ட்ல இது வந்ததே 2011-லதான்.

வேலைல சேர்ந்ததும் ஹெச்ஆர்ல போய்க் கேட்டா, "ப்ரொபேஷன் முடியட்டும்மா, நீ பாதில நின்னுட்டா ஊசிக் காசு யாரு தர்றது?"ங்கறாங்க. குத்துற ஊசி நான் ப்ரொபேஷனா பர்மனென்ட்டான்னு பாத்துட்டா குத்தும்? ஹெச்ஐவி கேஸ்னா ரெண்டு கிளவுஸ் மாட்டிட்டு ஓடுறோம், அதுல ஊசி குத்துனா ஒட்டுற வாய்ப்பு 0.3 சதவீதம்தான். ஹெபடைட்டிஸ் பி-ல, ஊசி போட்டுக்காத ஆளுக்கு, அந்த நோயாளி ரத்தத்துல வைரஸ் அதிகமா இருந்தா 30 சதவீதம் வரைக்கும் போகும். காஞ்சு போன ரத்தத்துலயே ஏழு நாள் உயிரோட கெடக்கும். இதையெல்லாம் இன்ஃபெக்ஷன் கண்ட்ரோல் சிஸ்டர் எடுத்துப் பேசுனப்புறம்தான் சம்மதிச்சாங்க.

முதல் டோஸ் பிரச்சனையில்லாம முடிஞ்சுது. ரெண்டாவதுக்குப் போனா ஃபார்மசில "பத்து பேரு சேரட்டும், அப்பதான் வயல் (பல டோஸ் இருக்குற ஊசி மருந்து பாட்டில்) ஓபன் பண்ணுவோம்"னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஓபன் பண்ண வயல 2-லேருந்து 8 டிகிரில ஒழுங்கா வெச்சா 28 நாள் வரைக்கும் யூஸ் பண்ணலாம், அது அவங்களுக்குத் தெரியல, இல்ல தெரிஞ்சும் சொல்லல. இப்படியே இழுத்து இழுத்து லேட் ஆனதும் சீனியர் ஒருத்தங்க "கேப் விழுந்துருச்சு, மறுபடி முதல்லேருந்து போடணும்"னு பயமுறுத்துனாங்க. அப்படியெல்லாம் கிடையாது, விட்ட எடத்துலேருந்து தொடரலாம். அதே மாதிரி இடுப்புல போட வந்தா விடாதீங்க, கைல மேல்பக்கம்தான் போடணும், இடுப்புல போட்டா சரியா ஏறாது. ஃப்ரீசர்ல வெச்சு உறைஞ்ச வயலா இருந்தா வேணாம்னுடுங்க.

மூணாவது முடிஞ்சு ஒரு மாசத்துலேருந்து ரெண்டு மாசத்துக்குள்ள டைட்டர் பாக்கணும். இங்கதான் செம காமெடி. சீட்டுல டாக்டர் தெளிவா ஆன்டி ஹெச்பிஎஸ்னு எழுதியிருக்காரு, பில்லிங்ல இருந்த தம்பி ஹெச்பிஎஸ்ஏஜின்னு என்ட்ரி போட்டுட்டான். ரிப்போர்ட் நெகட்டிவ்னு வருது. போய்க் கேட்டா "நெகட்டிவ்தானே சிஸ்டர், நல்லதுதானே, ஏன் கோவப்படுறீங்க?"ங்கறான்! அது நோய் இருக்கான்னு பாக்குற டெஸ்ட்டுப்பா, ஊசி வேலை செஞ்சுதான்னு பாக்குறது வேறன்னு அவனுக்குப் புரிய வெச்சு, மறுபடி ரத்தம் குடுத்து, அந்தக் காசையும் அவங்க தலைலயே கட்டிட்டுத்தான் வந்தேன். பில்ல கைல வாங்குனதும் டெஸ்ட் பேர ஒரு தடவ படிச்சிருங்க. கார்டுல பிராண்டு, பேட்ச் நம்பர், தேதி மூணும் எழுதி சீல் வாங்கிக்கோங்க, வெளிநாட்டு வேலைக்குப் போறப்ப கேப்பாங்க. மூணும் போட்டும் 10-க்குக் கீழ வந்தா பயப்படாதீங்க, இன்னொரு ரவுண்டு போட்டா நிறைய பேருக்கு ஏறிடும். ஊசி போட்டு முடிக்கிறதுக்கு முன்னாடியே குத்திருச்சுன்னா சோப்புத் தண்ணில கழுவிட்டு அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடுங்க, இம்யூனோகுளோபுலின் (உடனே பாதுகாப்பு குடுக்க, ரெடிமேடா இருக்குற எதிர்ப்புப் பொருள் ஊசி) 24 மணி நேரத்துக்குள்ள போடுறது நல்லது.

இதுல எனக்கு இன்னும் ஆறாதது ஒண்ணு. ஊசி போடுற லிஸ்ட்ல ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருத்தர் பேரு கூட இல்ல. நாம ஷார்ப்ஸ் டப்பால போடாம அவசரத்துல குப்பைக் கவர்ல வீசுற ஊசி அவங்க கையிலதான் குத்துது. கேட்டா "அவங்க காண்ட்ராக்ட், நம்ம ஸ்டாஃப் இல்ல"ன்னாங்க. 2016 மருத்துவக் கழிவு விதிகள்ல, கழிவைக் கையாளுற எல்லாருக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் டெட்டனஸுக்கும் ஊசி போடணும்னு இருக்கு, அந்தப் பக்கத்த பிரின்ட் எடுத்து சிஸ்டர் மூலமா மேல அனுப்புனோம். ஆய்வு வர்ற நேரம் வேற, சத்தமில்லாம பேரெல்லாம் சேத்துட்டாங்க. போன வாரம் அவங்களுக்கு முதல் டோஸ் போட்டாச்சு, அடுத்த மாசம் ரெண்டாவது. அதுக்குள்ள காண்ட்ராக்டர் ஆள மாத்தாம இருக்கணும்.